வேகமான பிள்ளையை எங்கே நிறுத்துவது?

பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஒரு பையன் அணியிலேயே வேகமாக ஓடுகிறான் என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலான ஜூனியர் ரக்பி லீக் அணிகளில் அவனுக்கான இடம் அன்றைக்கே முடிவாகிவிடும். 2 அல்லது 5 எண் போட்ட ஜெர்சியைக் கையில் கொடுத்து, விங்கில் கோட்டோரமாக நிறுத்திவிடுவார்கள். பயிற்சியாளருக்கு வேலை சுலபம். பெற்றோருக்கும் மகிழ்ச்சி, பிள்ளை ட்ரை அடிக்கப்போகிறான் என்று.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் பெரிய பெயர்கள் இருப்பது உண்மைதான். 1960களில் சிட்னியில் ஆடிய கென் இர்வின் விங்கர். அவருடைய 212 ட்ரைகள் ஆஸ்திரேலியப் போட்டியில் பல பத்தாண்டுகள் எட்ட முடியாத எண்ணிக்கையாக நின்றன. இங்கிலாந்தில் மார்ட்டின் ஒஃபையா 1992இல் விகன் அணிக்காக லீட்ஸை எதிர்த்து ஒரே ஆட்டத்தில் 10 ட்ரை போட்டார். 2021இல் மெல்பர்ன் ஸ்டார்ம் விங்கர் ஜாஷ் அடோ-கார் ஒரே ஆட்டத்தில் ஆறு போட்டார். ஆனால் இவர்கள் எல்லாருக்கும் உள்ளே நின்ற ஆட்டக்காரர்கள் தேர்ந்த கைகாரர்கள். பந்து சரியான நேரத்தில், மார்பு உயரத்தில், ஓடும் வேகம் குறையாமல் வந்து சேர்ந்தது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பந்து அப்படி வராது. பந்தை எடுத்தவன் ஒரு பாஸ் போடுவான், அடுத்தவன் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடுவான். மூன்றாவது கைக்குப் போகும் பந்து பாதி நேரம் தரையில் உருளும். மைதானம் 68 மீட்டர் அகலம். அதன் ஓரத்தில் நிற்கும் உங்கள் பிள்ளை, குளிர்காலக் காலையில் கைகளை ஜெர்சிக்குள் இழுத்துக்கொண்டு, ஆட்டம் நடுவில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அணியின் வேகமான கால்கள் அணியிலேயே மிகக் குறைவாக வேலை செய்யும் கால்களாக ஆகிவிடும். இரண்டு சீசன் இப்படிப் போனால் அவன் டேக்கிள் செய்யவும் பழகியிருக்க மாட்டான், பாஸ் போடவும் பழகியிருக்க மாட்டான்.

ஆகவே இடத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். பிள்ளையிடம் இருப்பது எந்த வேகம்?

முதல் ஐந்தாறு எட்டுகளில் சீறிப் பாயும் பிள்ளை ஒரு வகை. கிளம்ப நேரமெடுத்து, முப்பது மீட்டர் தாண்டியபின் யாராலும் பிடிக்க முடியாத பிள்ளை இன்னொரு வகை. நேராக ஓடினால் நடுத்தரம், ஆனால் வலமிடமாக வெட்டித் திரும்பும்போது எதிராளியைத் திணறடிக்கும் பிள்ளை வேறொரு வகை. இவற்றோடு, அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது: பத்தாவது ஓட்டத்தையும் முதல் ஓட்டத்தின் வேகத்தில் ஓடக்கூடிய பிள்ளை. மேடைப் பரிசு வாங்காத வேகம் இது, ஆனால் ரக்பி லீக்கில் இதற்கு மதிப்பு மிக அதிகம்.

ஏனென்று பார்க்கலாம். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் பந்து வைத்திருப்பவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடங்குகிறார். தடுக்கும் அணி அங்கிருந்து 10 மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். இந்தத் தூரம் 1993 வரை 5 மீட்டராக இருந்தது. (சிறுவர் பிரிவுகளில் இன்றும் குறைவாக இருக்கலாம், உங்கள் கிளப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.) இரு வரிசைகளுக்கும் நடுவே கிடைக்கும் அந்த வெற்றிடத்தில்தான் ஆட்டத்தின் பெரும்பகுதி நடக்கிறது. எனவே பெரும்பாலான ஓட்டங்களில் தீர்ப்பு முதல் பத்து மீட்டரிலேயே சொல்லப்பட்டுவிடும். எழுபது மீட்டர் ஓடி ட்ரை போடும் வாய்ப்பு எப்போதோ ஒருமுறை வரும். 2020இல் ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் போட்டியில் சில தவறுகளுக்கு ஆட்டத்தை நிறுத்தாமல், பந்து வைத்திருக்கும் அணிக்குத் தொடர்ந்து கிடைக்கும் ஆறு டேக்கிள்களை மறுபடி முதலிலிருந்து எண்ணும் விதி வந்தது. அதன்பின் ஓய்வு இன்னும் குறைந்தது. களைத்தபிறகும் ஓடக்கூடியவர்களுக்கு மதிப்பு கூடியது.

பிள்ளையின் வேகத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பக்கத்துப் பூங்காவில் புல்தரையில், ஆட்டத்துக்குப் போடும் அதே பூட்ஸோடு ஓடவிடுங்கள். 10 மீட்டரிலும் 40 மீட்டரிலும் அடையாளம் வைத்து, கைபேசியில் வீடியோ எடுத்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக ஓடவிடுவதைவிட, அதே வயது நண்பர்கள் இரண்டு மூன்று பேரோடு ஓடவிட்டால் ஒப்பிட வசதி. பிறகு 30 மீட்டர் ஓட்டத்தை அரை நிமிடத்துக்கு ஒருமுறை என ஆறு தடவை ஓடச் சொல்லி, முதல் ஓட்டத்தையும் கடைசி ஓட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியாக, பந்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பந்து ஒரு கக்கத்தில் இருந்தால் கை வீசி ஓடலாம், வேகம் குறையாது. இரண்டு கையிலும் இருந்தால் பாஸ் போடுவானா, ஓடுவானா என்று எதிராளி ஒரு நொடி தயங்குவான். அப்படிப் பிடித்தும் வேகம் அதிகம் குறையாத பிள்ளை நடுவில் ஆடப் பிறந்தவன்.

இனி இடங்களுக்கு வருவோம். என் முதல் தேர்வை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஃபுல்பேக்.

1 எண் ஜெர்சி அணியும் ஃபுல்பேக் எல்லாருக்கும் பின்னால் நிற்பவர். வெளியிலிருந்து பார்த்தால் கடைசிக் காவலாளி மாதிரித் தெரியும். உண்மையில் மைதானத்திலேயே அதிகம் ஓடுபவர்களில் ஒருவர் அவர்தான். எதிரணி பந்தோடு இடப்பக்கம் நகர்ந்தால் அவரும் நகர வேண்டும், வலப்பக்கம் திரும்பினால் திரும்ப வேண்டும். நான்காவது டேக்கிள் முடிந்ததும், அடுத்து உதை வரும் என்று கணித்துப் பின்னால் இறங்க வேண்டும். தன் அணி தாக்கும்போது, நடுவில் யாராவது உடைத்துக்கொண்டு போனால் தோளருகே ஓடிப்போய்ப் பந்தை வாங்க வேண்டும். ஓரத்துக்குப் பந்து போகும்போது, முன்னால் ஓடும் சகாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து தோன்றி, பாஸ் போடுவதா நானே போவதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். வேகமான பிள்ளைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பந்து அவனைத் தேடி வரும், அவனும் பந்தைத் தேடிப் போவான்.

இதற்கு நல்ல உதாரணம் ஃபுல்பேக் பில்லி ஸ்லேட்டர். வடக்கு குயின்ஸ்லாந்தின் இன்னிஸ்ஃபெயில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர், பெரிய உடம்பு இல்லாதவர். பள்ளிப் பருவத்தை ஒட்டிய நாட்களில் சிட்னியில் பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி ஓட்டம் கொடுக்கும் வேலை பார்த்தார். 2003இல் மெல்பர்ன் ஸ்டார்ம் அணிக்கு வந்து, 2018இல் ஓய்வு பெறும்வரை 319 ஆட்டங்களில் 190 ட்ரை போட்டார். பெரும்பாலும் ஃபுல்பேக்காகவே ஆடி அவ்வளவு ட்ரை போட்டதற்குக் காரணம் வேகம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய பழைய ஆட்டங்களைப் பாருங்கள். பந்து இன்னும் உள்ளே இருக்கும்போதே அவர் ஓடத் தொடங்கியிருப்பார். உடைப்பு நடக்கும் இடத்துக்கு, நடப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பார். பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பாதி ஆட்டத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது நல்ல பாடம்.

ஃபுல்பேக்காக நிற்கும் பிள்ளைக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது உயரப் பந்து. வானத்திலிருந்து பந்து இறங்குகிறது, எதிரே மூன்று பேர் ஓடி வருகிறார்கள், கீழே நிற்பவன் பன்னிரண்டு வயதுப் பையன். அவன் செய்ய வேண்டியவை இவை. உரக்க "என் பந்து!" என்று கத்த வேண்டும். பந்துக்கு நேர் கீழே போய் நிற்காமல் ஓரிரு எட்டு பின்னால் நின்று, முன்னால் நகர்ந்து பிடிக்க வேண்டும். முழங்கைகளை ஒட்டிவைத்து, கைகளை முகத்துக்கு மேலே உயர்த்தி, பந்தைக் கண்ணால் பார்த்தபடியே மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மோதல் வந்தால் தோள் வாங்கும்படி உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். நேருக்கு நேர் நின்றால் அடி மார்பில் விழும், பந்தும் கைநழுவி முன்னால் விழுந்துவிடும். முதலில் டென்னிஸ் பந்து, பிறகு ரக்பி பந்து, பிறகு எதிரே ஒருவர் ஓடி வருவதுபோல என்று படிப்படியாகப் பழக்குங்கள். வெயிலைப் பார்த்து நின்றும், மாலைக் காற்றிலும் பழக்குங்கள். பயம் தெளிய வாரங்கள் ஆகும். அவசரப்படுத்தினால் பயம் நிலைத்துவிடும்.

அடுத்தது குரல். தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவனுக்குத்தான் எதிரணியில் எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று முழுதாகத் தெரியும். "இடப்பக்கம் நாலு பேர், ஒருத்தர் அங்கே போங்க" என்று அவன் கத்தாவிட்டால் அணிக்குக் கண் இல்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இது டேக்கிளைவிடக் கடினம். நம் வீடுகளில் பெரியவர்கள் முன் சத்தம் போடாதே என்று வளர்த்த பிள்ளைகளுக்கு இன்னும் கடினம். வீட்டிலேயே பழக்கலாம்: தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடும்போது ஒலியை நிறுத்திவிட்டு, தடுக்கும் அணிக்கு இவனைக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஃபுல்பேக்கிலிருந்து எங்கும் போகலாம் என்பது இன்னொரு நன்மை. டேரன் லாக்யர் பிரிஸ்பேன் அணியின் ஃபுல்பேக்காக உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவராக இருந்தவர். 2004இல் 6 எண் ஃபைவ்-எய்த் இடத்துக்கு மாறி, அங்கும் ஆஸ்திரேலியாவின் கேப்டனாக விளங்கினார். கேமரன் மன்ஸ்டர் 2015இல் காயமடைந்த ஸ்லேட்டருக்குப் பதிலாக ஃபுல்பேக்காக இறங்கி, பின்னாளில் அதே 6 எண் இடத்தில் நிலைபெற்றார். பின்னாலிருந்து முழு மைதானத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முன்னால் நின்று ஆட்டத்தை நடத்துவது வசப்படுகிறது. விங்கிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இந்த மாற்றம் அவ்வளவு எளிதில் வராது.

முதல் பத்து மீட்டர் வேகம் மட்டும் இருக்கும் பிள்ளைக்கு வேறு இடம் சொல்வேன். டேக்கிளுக்குப் பிறகு தரையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் டம்மி ஹாஃப் வேலை, அதாவது 9 எண் ஹூக்கர். வேகமானவனை நடுவில் கூட்டத்துக்குள் நிறுத்துவதா என்று கேட்பார்கள். டேமியன் குக்கைப் பாருங்கள். கடற்கரை மணலில் ஓடும் ஸ்ப்ரிண்ட் போட்டிகளில் வளர்ந்தவர். சவுத் சிட்னி அணியில் ஹூக்கராக நிலைபெற்று, 2018இல் நியூ சவுத் வேல்ஸ் அணிக்கும் ஆடினார். எதிரே நிற்கும் பெரிய உடம்புக்காரர் களைத்து, ஒரு முழங்காலை மெதுவாக ஊன்றி எழும்போது, குக் பாஸ் போடாமல் அந்த இடைவெளிக்குள் புகுந்துவிடுவார். கபடியில் ரெய்டர் எதிரணியின் கால்களைப் பார்த்துக்கொண்டே போவதுபோல, நல்ல டம்மி ஹாஃப் பந்தைத் தொடும் முன்பே எதிராளிகளின் கால்களைப் பார்த்திருப்பார். ஒவ்வொரு பாதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் இந்தத் திறமை அணிக்குப் பொன்னாகப் பலன் தரும்.

ஆனால் ஹூக்கர் அணியிலேயே அதிகம் டேக்கிள் செய்பவர்களில் ஒருவர். தரையிலிருந்து இருபக்கமும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் துல்லியமாகப் பாஸ் போடவும் தெரிய வேண்டும். டேக்கிள் செய்ய விருப்பமில்லாத பிள்ளையை இங்கே நிறுத்தினால் சீசன் முடிவதற்குள் ஆட்டத்தையே வெறுத்துவிடும்.

வெட்டித் திரும்பும் பிள்ளைக்கு ஹாஃப்பேக், ஃபைவ்-எய்த் இடங்களை முயன்று பார்க்கலாம். நியூசிலாந்தின் பெஞ்சி மார்ஷல், ஷான் ஜான்சன் இருவரும் டச் ஃபுட்பால் ஆடிக் கால் பழகியவர்கள். அந்தக் காலாட்டத்தை வைத்துத்தான் ரக்பி லீக்கில் தடுப்பு வரிசைகளை உடைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் குடும்பங்களுக்கு என் யோசனை: கோடையில் பிள்ளையை டச் அல்லது ஓஸ்டேக் போட்டிகளில் சேர்த்துவிடுங்கள். மோதல் இல்லை, பந்து நிறையக் கைக்கு வரும், முடிவெடுக்கும் பழக்கம் வளரும்.

சென்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பார்க்கக் கவர்ச்சியான இடம். ஆனால் தடுப்பில் முடிவெடுக்க மிகக் கடினமான இடங்களில் அது ஒன்று. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், முதுகுக்குப் பின்னால் ஒருவர் என்று மூன்று பேர் ஓடி வரும்போது யாரைப் பிடிப்பது என்று தெரிய அனுபவம் வேண்டும். வேகத்தோடு நன்றாக டேக்கிளும் செய்யும் பிள்ளையானால் சரி. இல்லாவிட்டால் இரண்டு வருடம் பொறுங்கள்.

விங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீண்ட ஓட்டத்தில் சிறந்த, பொறுமையுள்ள பிள்ளைக்கு அது நல்ல இடமாகவே அமையலாம். ஆனால் இன்றைய விங்கரின் வேலை என்னவென்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். எதிரணி உதைத்த பந்தைத் தன் கோட்டருகே பிடித்து, முதல் ஒன்றிரண்டு டேக்கிள்களில் எதிரணியின் பெரியவர்களுக்குள் நேராக ஓடி இடம் சம்பாதிப்பது அவர் வேலை. மூலையில் ட்ரை போட உடலைக் காற்றில் கிடத்தி, கோட்டைத் தொடாமல், ஒற்றைக் கையால் பந்தைத் தரையில் அழுத்த வேண்டும். தடுப்பில் உள்ளே பாய்வதா வெளியே காத்திருப்பதா என்று அரை நொடியில் முடிவு. தப்பினால் நேரே ட்ரைதான், எல்லார் கண்ணும் அவர்மேல் விழும். விங்கில் நிற்கும் பிள்ளைக்குப் பயிற்சியாளர் ஒரு அனுமதி தந்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்: ஒவ்வொரு ஆறு டேக்கிளிலும் ஒருமுறை ஓரத்தைவிட்டு நடுவுக்கு வந்து பந்து கேட்கலாம் என்ற அனுமதி.

உயரமும் எடையும் உள்ள வேகமான பிள்ளையைச் செகண்ட் ரோவில், அதாவது 11, 12 எண்களில், ஓரத்தில் ஓடவிடலாம். எல்லரி ஹான்லி 1984–85 சீசனில் பிராட்ஃபோர்ட் அணிக்காக 55 ட்ரை போட்டவர். ஸ்டாண்ட்-ஆஃப் (ஃபைவ்-எய்த்துக்கு இங்கிலாந்தில் வழங்கும் பெயர்), சென்டர், விங் எல்லாம் ஆடிவிட்டு, விகனில் 13 எண் லூஸ் ஃபார்வர்டாகச் சிறந்தார். பென்ரித் அணியின் ஐசாயா யோ சென்டராகத் தொடங்கி, ஆஸ்திரேலியாவில் லாக் என்று அழைக்கப்படும் அதே 13 எண் இடத்துக்கு வந்து கேப்டனானார். இன்றைக்கு ஒல்லியாக இருக்கும் பிள்ளை பதினேழு வயதில் எப்படியிருப்பான் என்று யாரும் இப்போது சொல்ல முடியாது.

இதை அடுத்து வயதின் கணக்கு வருகிறது. பெரும்பாலான பையன்கள் 13, 14 வயதில் சட்டென்று வளர்கிறார்கள், பெண்பிள்ளைகள் ஓரிரு வருடம் முன்னதாக. சிலருக்கு இந்த வளர்ச்சி சீக்கிரம் வந்துவிடும். அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதில் அணியிலேயே வேகமாக ஓடுவான், ஏனென்றால் உடலளவில் அவன் மற்றவர்களைவிட மூத்தவன். பதினைந்தில் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். அதுவரை எதிராளியைச் சுற்றி ஓடியே ட்ரை போட்டுப் பழகியவனுக்கு அப்போது கையில் வேறு எதுவும் இருக்காது. உங்கள் பிள்ளை சக வயதினரைவிடத் தலை உயரம் கூடியவனாக இருந்தால், விங்கை இப்போதைக்குத் தள்ளிவைத்து, பாஸும் டேக்கிளும் தேவைப்படும் இடங்களில் நிறுத்தும்படி கேளுங்கள். மாறாக, வளர்ச்சி தாமதமாக வரும் சின்ன உடம்புக்காரப் பிள்ளை இப்போதே வேகமாக ஓடுகிறான் என்றால் அந்த வேகம் அவனோடு வளரும். அவனுக்குக் குனிந்து தொடையைப் பற்றும் டேக்கிளையும், தலையை எதிராளியின் இடுப்புக்குப் பின்பக்கம் வைக்கும் பழக்கத்தையும் முதலில் சொல்லிக்கொடுங்கள். தலை எதிராளியின் முன்பக்கம் போனால் ஆபத்து.

பயிற்சியாளரிடம் பேசுவது பலருக்குத் தயக்கம். சிட்னியின் மேற்கே பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் கிரிக்கெட் தெரிந்த அளவுக்கு இந்த ஆட்டம் தெரியாது. நமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிறுவர் அணிப் பயிற்சியாளர்களில் பலர் சம்பளமில்லாமல் வரும் பெற்றோர்கள்தான். மரியாதையோடு, ஆட்டநாளில் அல்லாமல் பயிற்சி நாளில், கையில் ஒரு சின்னக் குறிப்போடு போங்கள். இரண்டு மூன்று ஆட்டங்களுக்குப் பிள்ளை எத்தனை முறை பந்தைத் தொட்டான், எத்தனை முறை டேக்கிள் செய்தான் என்று மட்டும் எழுதி வையுங்கள். ட்ரை எண்ணிக்கையை எழுத வேண்டாம். ஓர் ஆட்டம் முழுவதும் பந்து நாலைந்து முறைக்கு மேல் கைக்கு வரவில்லை என்றால், "அடுத்த சில வாரம் இரண்டாவது பாதியில் ஃபுல்பேக்காக நிறுத்திப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பாதி ஆட்டத்துக்கு என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

காரில் வீடு திரும்பும்போது ஜெயித்தீர்களா, எத்தனை ட்ரை என்று தொடங்காதீர்கள். "எங்கே நின்னப்போ உனக்கு ஆட்டம் நல்லாத் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். "நடுவுல நின்னப்ப எல்லாரும் என்மேல விழுறாங்கப்பா, ஆனா போர் அடிக்கல" என்று பதில் வந்தால் அதைப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

பதினைந்து, பதினாறு வயது வரை எந்த இடத்தையும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சீசனில் குறைந்தது இரண்டு இடங்களில் ஆடட்டும், ஒன்று பின்வரிசையில், மற்றது நடுவில். ஒவ்வொரு பிப்ரவரியிலும் சீசன் தொடங்கும் முன், அதே பூங்காவில், அதே 10 மீட்டர், 40 மீட்டர் அடையாளங்களில் மறுபடி ஓடவிட்டு, பழைய நேரங்களுக்குப் பக்கத்தில் புதியதை எழுதி வையுங்கள்.